கற்றல் குறைபாடு என்ற முடிவிலேயே சந்தேகம் வந்தால்…

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு பள்ளிக்கு வந்த உளவியலாளர் ஒரே ஒரு தடவை சோதித்துவிட்டு, டிஸ்லெக்ஸியா என்றார். அப்போதிலிருந்து சிறப்புப் பயிற்சிக்குப் போகிறான். மதிப்பெண் ஏறவில்லை. வீட்டில் கதைப் புத்தகம் நன்றாகவே வாசிக்கிறான். வகுப்பில்தான் பாதி எழுதாமல் விடுகிறான், கூப்பிட்டாலும் சில நேரம் திரும்புவதில்லை என்கிறார் ஆசிரியை. தவறாகச் சொல்லிவிட்டார்களோ? பயிற்சியை நிறுத்தலாமா? அவனிடம் என்ன சொல்வது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. வாசிப்பில் வரும் சிரமம்தான் டிஸ்லெக்ஸியாவின் அடிப்படை. ஆனால் பழகிய கதையைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே ஒப்பிப்பதுண்டு. அதனால் அவன் இதுவரை பார்க்காத புத்தகம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதையும் சரளமாக வாசித்தால், அந்தப் பயிற்சியால்தான் வாசிப்பு தேறியது என்றும் இருக்கலாம். எனவே விஷயம் தெளிவாகும்வரை பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது, கூப்பிட்டால் திரும்பாததுதான். முதலில் காது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது. ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். வீட்டில் பக்கத்தில் நின்று பேசுவதால் நமக்குத் தெரியாது, இரைச்சலான வகுப்பில் பிள்ளை திண்டாடும். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும் நடுக்காதின் அழுத்தத்தைப் பார்க்கும் சோதனையும் செய்துவிடுங்கள். கண் பரிசோதனையும் கூடவே முடியட்டும். இரவில் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டால் அதையும் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெட்டாலும் பகலில் கவனம் நிற்காது.

இன்னொன்று, சில நொடிகள் மட்டுமே வரும் ஒருவகை வலிப்பு. கை கால் வெட்டாது, கீழே விழ மாட்டான். பேசிக்கொண்டே இருப்பவன் சட்டென்று நின்று, ஒரே இடத்தை வெறிப்பான். 10, 15 நொடியில் எதுவுமே நடக்காததுபோல் தொடர்வான். ஒரு நாளில் பல தடவை வரலாம். பகல் கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பிவிடும், இதில் தொட்டாலும் திரும்பாது. அப்படி நடந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்லி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பயப்பட வேண்டாம், மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது.

அவனுடைய சொல்வதெழுதுதல் நோட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் மாறி, ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருக்கிறானா? அது டிஸ்லெக்ஸியாவின் பக்கம் சாய்கிறது. எழுதியவரை சரியாக இருந்து, வரியின் நடுவில் இரண்டு மூன்று சொற்கள் அப்படியே காணாமல் போய், பிறகு ஒழுங்காகத் தொடர்கிறதா? அந்த நேரத்தில் அவனுக்குச் சொல் எட்டாமலே போயிருக்கலாம். இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, ஆனாலும் மருத்துவரிடம் அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.

அடுத்து பள்ளியில் முழு அறிக்கையை எழுதிக் கேட்டு வாங்குங்கள். என்னென்ன சோதனை, எந்த மொழியில், ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்ற விவரம் வேண்டும். பார்வை, செவிக் குறை இல்லை என்று உறுதி செய்த பிறகும், குறிவைத்த பயிற்சி கொடுத்து குறைந்தது 6 மாதம் சிரமம் நீடித்த பிறகும்தான் டிஸ்லெக்ஸியா என்ற முடிவுக்கு வர வேண்டும். வீட்டில் பேசாத மொழியில் சோதித்திருந்தால் அந்த மதிப்பெண்ணை நான் நம்ப மாட்டேன். காது, கண் சரியான பின் வேறொரு உளவியலாளரிடம் மறுமதிப்பீடு செய்யுங்கள். டிஸ்லெக்ஸியாவும் மேலே சொன்ன வேறொரு பிரச்சினையும் சேர்ந்தே இருப்பதும் உண்டு, அதனால் பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பள்ளியோடு சண்டையும் வேண்டாம், வகுப்பில் அவனைக் கவனித்துச் சொல்ல ஆசிரியை தேவை.

அவனிடம், "உனக்கு எது கஷ்டமா இருக்குன்னு இன்னொரு தடவை பார்க்கப் போறோம், நீ சோம்பேறி இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்" என்று சொன்னால் போதும். அப்புறம், "டீச்சர் பேசும்போது நடுவுல விட்டுப் போன மாதிரி இருக்குமா?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே எழுதி, மருத்துவரிடம் கொடுங்கள்.