மொபைல் கேம் வந்ததால் பிளேஸ்டேஷன், பிசி கேம்கள் அழிந்துவிடுமா?

அழியாது. ஆனால் காசு பார்க்கும் வழி மாறிவிட்டது. உலகக் கேம் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி இப்போது மொபைலில்தான் வருகிறது. ஆக்டிவிஷன் என்ற பெரிய கேம் நிறுவனம் 2016-ல் கேண்டி கிரஷ் நிறுவனமான கிங்கை 590 கோடி டாலருக்கு வாங்கியது அதற்காகத்தான். இலவசமாக ஆடவிட்டு ஸ்கின் (கேமில் வரும் ஆளுக்கோ ஆயுதத்துக்கோ மாட்டும் புதுத் தோற்றம்) விற்பது இன்று பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோலிலும் சகஜம். எனக்கு இது பிடிக்கவில்லை; முழுக்கதை கேம்களுக்குப் பெரிய திரைதான் சரி.

எங்கள் வேலூரில் உண்மையில் அடி வாங்கியவை கேம் சென்டர்கள். சத்துவாச்சாரிப் பக்கம் மணிக்கு இவ்வளவு என்று கட்டி கம்ப்யூட்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடிய பையன்கள், 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் போனுக்கு மாறினார்கள். அப்புறம் 2018-ல் பப்ஜி மொபைல். கோட்டை மைதானத்தில் நாலு பேர் பவர் பேங்கோடு உட்கார்ந்தால் போதும், சென்டரே தேவையில்லை. கன்சோல் வாங்கும் வசதி அந்தப் பையன்களுக்கு முன்பும் இருந்ததில்லை. அதனால் கன்சோல்காரர்களுக்கு இங்கே பெரிய நஷ்டமில்லை.