வாசகர் கேள்வி - பதில்: பத்தாம் நாள் நின்றுபோகும் முயற்சிகள்

கேள்வி: எனக்கு வயது 29. ஜவுளிக்கடையில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு பத்தாகிவிடும். குரூப் 4 தேர்வுக்காக, இரவு பத்தரை முதல் ஒன்றரை வரை படிப்பது என்று மூன்று முறை டைம்டேபிள் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், பத்து நாள் ஓடும். பிறகு புத்தகத்தைத் தொடவே மனம் வருவதில்லை. எனக்கு வைராக்கியம் போதவில்லையா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மூன்று முறை புதிதாகத் தொடங்கியவருக்கு வைராக்கியத்தில் குறை இல்லை, சகோதரி. பழுது டைம்டேபிளில் இருக்கிறது. பகல் முழுக்க நின்றே வேலை பார்த்தவர் நள்ளிரவு தாண்டியும் மூன்று மணி நேரம் படிப்பது என்பது, வேலைக்குப் போகாத ஒருவருக்காகப் போட்ட கணக்கு. ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டால் அந்த மூன்று மணி நேரம் மறுநாள் தலையில் ஏறுகிறது. மறுநாள் ஆறு, அதற்கடுத்த நாள் ஒன்பது. அடைக்க முடியாத பாக்கி என்று தெரிந்ததும், புத்தகத்தைப் பார்க்காமல் இருப்பதே நிம்மதி என்று மனம் ஒதுங்கிக்கொள்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதினார்: மறதி முதல் சில மணி நேரங்களிலேயே வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. திருப்பிப் பார்க்காமல் புதுப் பாடமாகவே படித்துக்கொண்டு போனால், பத்தாம் நாள் முதல் பாடத்தைப் புரட்டும்போது பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். ‘படித்தது எதுவும் நிற்கவில்லையே’ என்ற அந்தச் சோர்வுதான் பலரைக் கவிழ்க்கிறது.

இந்த முறை இப்படிச் செய்து பாருங்கள். முதல் ஒரு வாரம் படிக்கவே வேண்டாம். எழுந்தது முதல் தூங்குவது வரை எந்த நேரம் எதற்குப் போகிறது என்று மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். உங்கள் வேலை நேரத்துக்குப் பெரும்பாலும் காலையில் ஒரு மணி நேரமும் பஸ்ஸில் இருபது, முப்பது நிமிடமும்தான் தேறும். அது போதும். இரவை விட்டுவிடுங்கள், பதினொரு மணிக்குள் படுத்தால்தான் ஐந்தரைக்கு எழ முடியும்.

அடுத்து, ‘தமிழ் படிக்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘ஒன்பதாம் வகுப்புத் தமிழ், முதல் இயல், செய்யுள் பகுதி, பிறகு 20 கேள்வி’ என்று எழுதுங்கள். உட்கார்ந்த பிறகு எதைப் படிப்பது என்று யோசிக்கும் நிலை வரக்கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் கை செல்போனுக்குப் போகும். மறுநாள் பாடத்தை முந்தின இரவே திறந்துவைத்துவிட்டுப் படுங்கள்.

பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவலான முறை ஒன்று உண்டு. ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. பின்னால் வந்த பல ஆய்வுகளிலும், வெறுமனே ‘செய்வேன்’ என்று நினைத்தவர்களைவிட இப்படி எழுதி வைத்தவர்கள் அதிகமாகச் செய்து முடித்தார்கள். உங்களுக்கு: ‘காலையில் குக்கரை அடுப்பில் ஏற்றியதும் ஐந்து கணக்கு போடுவேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு குறள் அதிகாரம் பார்ப்பேன். நிற்க நேர்ந்தால், நானே பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் கேட்பேன்.’ இடமும் நேரமும் இல்லாத முடிச்சு அவிழ்ந்துவிடும்.

பாக்கியை மறுநாளுக்கு ஏற்றாதீர்கள். வார விடுமுறையில் இரண்டு மணி நேரத்தை எந்தப் பாடமும் ஒதுக்காமல் காலியாக வையுங்கள். விட்டுப்போனது அங்கே மட்டும் வரட்டும். அதற்குள்ளும் அடங்காதது போகட்டும். உடம்புக்கு முடியாத நாளுக்கு, பண்டிகை வியாபார நாட்களுக்கு, தனியாக ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். பத்துக் கேள்வி, அவ்வளவுதான். படித்த பாடத்தை மறுநாளும், ஏழாம் நாளும், இருபத்தோராம் நாளும் புத்தகத்தை மூடிக்கொண்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அது நன்றாகப் பதியும்.

எங்கே தொடங்குவது? தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழுக்கான 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே முதல் இரண்டு மாதம் தமிழை முன்னால் வையுங்கள். கணக்கும் திறனறிவும் 25 கேள்வி. தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பொ.ம., மீ.பெ.வ., வேலையும் நாளும் என்று ஒரே மாதிரிக் கணக்குகள் மாறி மாறி வருவதால், தினமும் பத்து நிமிடத்தில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தெம்பு மற்றப் பாடங்களுக்கும் உதவும்.

வெற்றி பெற்றவர்களின் பேட்டி வீடியோக்களை விட்டுவிடுங்கள். அவை தரும் எழுச்சி ஒரு மணி நேரம்கூட நிற்காது. உங்களிடம் இருப்பதோ அந்த ஒரு மணி நேரம்தான்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

பதில்: அது ஆய்வில் வந்த எண் அல்ல. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ், அறுவைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக ‘குறைந்தது’ மூன்று வாரம் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ உதிர்ந்து எண் மட்டும் தங்கிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-ல் வெளியான ஆய்வில் ஒரு செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பும் இல்லை. 22-ம் நாளும் கஷ்டமாக இருந்தால் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: வயது 54. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கோடையில் தினமும் நடக்கிறேன், மழைக்காலம் வந்தால் நின்றுவிடுகிறது. திரும்பத் தொடங்க மூன்று மாதம் ஆகிறது.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நடைப்பயிற்சியை மைதானத்தோடு கட்டிவைத்திருக்கிறீர்கள், மைதானம் நனைந்ததும் அதுவும் போய்விட்டது. அதைச் சாப்பாட்டோடு கட்டுங்கள். மூன்று வேளையும் சாப்பிட்டு எழுந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளோ மொட்டை மாடிக் கூரைக்கு அடியிலோ நடந்தால் போதும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நேரடியாகக் குறைக்கும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; வேளைக்குப் பத்து நிமிடம் என்றாலே வாரம் 210 வந்துவிடுகிறது, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. காலண்டரில் நடந்த நாளைச் சுழித்து வைத்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

கூழாங்கல்லில் வெறுங்காலோடு ‘எட்டு’ போடுவது உங்களுக்கு வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காயம் பட்டதே தெரியாது. செருப்போ ஷூவோ போட்டு நடங்கள், இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிட்டது என்று பொருள்; நடையை நிறுத்திவிட்டு உடனே அதைச் சாப்பிடுங்கள்.

கேள்வி: என் லட்சியத்தை எல்லோரிடமும் சொல்லலாமா, ரகசியமாக வைக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: எண்ணத்தைச் சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். ‘நான் வக்கீலாகப் போகிறேன்’ என்று சொல்லி நாலு பேர் பாராட்டினால், பாதி ஆகிவிட்ட திருப்தி அப்போதே கிடைத்துவிடும், உழைப்பு குறையும். சட்ட மாணவர்களையும் சேர்த்துச் சோதித்த ஓர் ஆய்வில் 2009-ல் இது தெரிய வந்தது. அதற்கு மாறாக, செய்த அளவைக் குறித்து வைப்பதும் பிறரிடம் காட்டுவதும் பலன் தருகின்றன என்று 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. அக்காவோ தோழியோ ஒருவர் போதும். ஞாயிறு இரவு, ‘இந்த வாரம் ஐந்துக்கு மூன்று நாள்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். கேலி செய்பவரையும், எதைச் சொன்னாலும் ‘பரவாயில்லை விடு’ என்பவரையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: மகள் கல்லூரிக்காக மாதம் 2,000 ரூபாய் சேர்க்க நினைக்கிறேன். மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: மிஞ்சியதைச் சேர்ப்பது யாருக்கும் எளிதல்ல. சம்பளம் வந்த மறுநாளே கையை விட்டுப் போக வேண்டும். தபால் நிலைய ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) 60 மாதம், குறைந்தது 100 ரூபாய், மேலே பத்தின் மடங்கு. மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் கணக்கு தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒன்றாம் தேதி சம்பளக்காரருக்கு அதுதான் நல்லது. தபால் நிலையச் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு யோசனை: 2,000-க்கு ஒரே கணக்கு வேண்டாம். 1,500-க்கு ஒன்று, 500-க்கு ஒன்று. எத்தனை கணக்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். நெருக்கடி மாதத்தில் சின்னதை விட்டாலும் பெரியது தப்பிக்கும். விட்ட மாதத்துக்கு 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் அபராதம், அது சிறிய தொகை. ஆனால் நான்கு தவணை விட்டால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்க வேண்டும். அவசரத் தேவை வந்தால் கணக்கை முடிக்காதீர்கள். 12 தவணை கட்டி ஓராண்டு முடிந்திருந்தால் இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள்.