மகளின் ஆன்டிபாடி புராஜெக்ட்டுக்குப் பணம் கட்டலாமா?

கோபியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி செமஸ்டர். ஆட்டுக் குருத்தெலும்பில் இருக்கும் டைப் 2 கொலாஜன் என்ற புரதத்தை ஆன்டிபாடி (அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதம்) வைத்துக் கண்டறிவதுதான் புராஜெக்ட். ஆன்டிபாடி ஒட்டிய இடம் ஸ்லைடில் பழுப்பாகத் தெரியும். பதினைந்தே நாளில் முடித்து ரிப்போர்ட்டும் தருவதாக ஒரு தனியார் மையம் பணம் கேட்கிறது, கட்டலாமா என்கிறீர்கள்.

கட்ட வேண்டாங்க. தலைப்பு அருமையானது. ஆனால் இன்டர்வியூவில் ரிப்போர்ட்டை யாரும் புரட்டப் போவதில்லை. "ஸ்லைடு முழுக்கப் பழுப்பாகிவிட்டது, என்ன செய்தாய்?" என்றுதான் கேட்பார்கள். தன் கையால் செய்து கெடுத்தவருக்குத்தான் அதற்குப் பதில் தெரியும்.

தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கும் புரதம் கொலாஜன். ஈரோட்டில் பதனிடுகிற தோலும் பெரும்பாலும் அதுதான். அதன் மூன்று இழை முறுக்கை 1950களில் சென்னையில் கண்டு சொன்னவர் ஜி.என். ராமச்சந்திரன். பாலூட்டிகளுக்குள் இந்தப் புரதம் அதிகம் மாறுவதில்லை. அதனால் ஆன்டிபாடி எடுக்க இதை முயலுக்கோ எலிக்கோ ஊசி போட்டால் அதன் உடம்பு இதை அவ்வளவாக அந்நியமாகப் பார்க்காது, நல்ல ஆன்டிபாடி கிடைப்பது கஷ்டம். கோழி தூரத்துச் சொந்தம், எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். அது உண்டாக்கும் ஆன்டிபாடி மஞ்சள் கருவில் சேரும், ஐஜிஒய் என்பார்கள். நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொலாஜனைப் பிடிப்பது பிரைமரி ஆன்டிபாடி, அதன்மேல் ஒட்டி நிறம் காட்ட உதவுவது செகண்டரி. வாங்கும் பிரைமரி அந்தக் கோழி வகை என்றால் செகண்டரி ஆன்டிபாடி கோழிக்கு எதிரானதாக இருக்க வேண்டும். மற்ற ஆன்டிபாடிகளைப் பிடிக்கப் பயன்படும் புரோட்டீன் ஏ கோழி ஆன்டிபாடியில் ஒட்டாது. பரிசோதிக்கும் திசுவும் கோழியாக இருந்தால் செகண்டரி அதன் சொந்த ஆன்டிபாடியிலேயே போய் ஒட்டி, பார்க்கும் இடமெல்லாம் நிறம் காட்டும்.

கறிக்கடையில் வாங்கும் ஆட்டு மூட்டே போதும். உயிருள்ள பிராணியைத் தொடாததால் அனுமதிச் சிக்கல் குறைவு. ஆனாலும் கல்லூரியில் எழுத்தில் கேட்டு வைக்கட்டும். 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் ஒன்றிரண்டு நாள், சுண்ணாம்பேறிய பகுதி இருந்தால் சுண்ணாம்பை நீக்கும் ஈடிடிஏ கரைசலில் ஊறல், பிறகு 5 மைக்ரான் வெட்டு. குருத்தெலும்பில் கொலாஜனைப் புரோட்டியோகிளைகான் என்ற சர்க்கரை-புரதக் கலவை மூடியிருக்கும். ஹையலூரோனிடேஸ் என்ற நொதி போட்டு அதை விலக்கினால்தான் ஆன்டிபாடி உள்ளே போகும். சிட்ரேட் கரைசலில் கொதிக்க வைப்பதும் உண்டு, ஆனால் வெட்டு ஸ்லைடை விட்டுக் கழன்று மிதக்கலாம். அந்தச் சமயத்தில் பாப்பா அழுதால் திட்டாதீர்கள்.

அடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம், பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதம் வைத்து பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுப்பது), பிரைமரி ஆன்டிபாடி 1:200ல் 4 டிகிரியில் ராத்திரி முழுக்க. ஈரப்பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். ஓரம் காய்ந்தால் அங்கே பழுப்பு ஏறிவிடும். பெராக்சைடு படியை விட்டாலும், பிளாக்கிங் போதாமல் போனாலும், ஆன்டிபாடி கெட்டியாக இருந்தாலும் ஸ்லைடு முழுக்க நிறம்தான். ஒன்றுமே தெரியாவிட்டால் வாஷ் பஃபரைப் பார்க்கட்டும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு, செகண்டரியோடு சேர்ந்து நிறம் தரும் பெராக்சிடேஸ் என்ற நொதியையே முடக்கிவிடும்.

பிரைமரி போடாத ஒரு ஸ்லைடு, அதே பிராணியின் சாதாரண ஆன்டிபாடி போட்ட ஒன்று, டைப் 2 இல்லாத தோலில் (அங்கே இருப்பது வேறு வகைக் கொலாஜன்) ஒன்று: நிறம் வரக் கூடாத இந்த மூன்றும் ஒவ்வொரு தடவையும் வேண்டும். இவை இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விவரம் தெரிந்தவர் நம்பமாட்டார். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டும் சேர்த்தால் முறுக்கு வடிவத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை வாங்கிவிடக் கூடாது. அதில் போடும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு மாதிரிப் பொருளில் கொதித்ததும் முறுக்கு பிரிந்துவிடும், பட்டையே வராது.

இனி செலவு. 100 மைக்ரோலிட்டர் குப்பி பல ஆயிரம் ரூபாய். விலை கேட்டால் மலைப்பாக இருக்கும். 1:200ல் கலக்கினால் 20 மில்லி. ஸ்லைடுக்கு 100 மைக்ரோலிட்டர் என்றால் 200 ஸ்லைடு. மூன்று மாணவர்கள் பங்கு போட்டு வாங்கலாம். வந்தவுடன் சிறு சிறு குழாய்களில் பிரித்து உறைய வைக்கட்டும். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் வீரியம் போய்விடும்.

வேலை? எம்.எஸ்சி.யோடு நின்றால் கோவைப் பக்கம் ஆரம்பச் சம்பளம் சுமார்தான். ஆஸ்பத்திரி லேப்களில் எம்.எல்.டி. (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) படித்தவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள். இந்தக் கைப்பழக்கத்துக்கு மதிப்பு பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களிலும் ஆராய்ச்சியிலும் உண்டு. மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. புராஜெக்ட் நடக்கும்போதே அதற்கும் படிக்கட்டும்.

இந்த வாரமே கைடிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். திசுவை மெல்லிசாக வெட்டும் மைக்ரோடோம் எங்கே இருக்கிறது? ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா? பாப்பா தன் கையால் செய்ய விடுவார்களா? வெளிநாட்டு ஆன்டிபாடி ஆர்டர் போட்டு வரச் சில வாரங்கள் ஆகும், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.