ஓடையில் இறங்கும் ஜீப்புக்கு எத்தனை ஆயில்?

கேள்வி: தோட்டத்துக்குப் போகும் வழியில் என் 1994 மாடல் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஓடையில் இறங்கி ஏற வேண்டும். இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறேன். அது போதுமா? – வாசகர், போடி

பதில்: போதாது தம்பி. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), முன் கிரவுன், பின் கிரவுன் (ஆக்ஸில் நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டிகள்) என நாலு இடத்தில் தனித்தனியாக ஆயில் இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பக்கவாட்டிலுள்ள லெவல் பிளக்கைக் கழற்றி விரலை விடுங்கள். துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். விரலில் பால் கலந்த காபி நிறத்தில் ஒட்டினால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே மாற்றிவிடுங்கள். சூடான கிரவுன் ஓடைத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வரும் சிறு துளையான பிரீதர் மண்ணடைத்திருந்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் ஆக்ஸில் மேலுள்ள பிரீதரை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

மாற்றும்போது முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள், அப்புறம்தான் வடிக்கும் பிளக். ஒருமுறை நான் அவசரத்தில் முதலில் வடித்துவிட்டேன்; மேல் பிளக் துருப்பிடித்து அசையவே இல்லை, வண்டி இரண்டு நாள் நின்றது.

கிரவுனுக்கு ஜிஎல்-5 வகை 90 கியர் ஆயில் சரி (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக் குறியீடு, 90 அதன் கெட்டித்தன்மை). கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையம் (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) இருந்தால் ஜிஎல்-4 ஊற்றுவதே நல்லது. வண்டியின் கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வடித்த ஆயிலில் மாவு போன்ற இரும்புத் தூள் இருந்தால் பயப்பட வேண்டாம். சில்லு கிடந்தால் கிரவுனைத் திறந்தே பார்க்க வேண்டும்.