ஸ்கூபா டைவர்கள் மூழ்கிய கப்பல்களை மரபுச் சின்னங்களாகப் பாதுகாக்க உண்மையிலேயே விரும்புகிறார்களா, இல்லை நினைவுப்பொருள் பொறுக்கத்தான் போகிறார்களா?

இரண்டும்தான். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் செய்வார். நானே செய்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் இருக்கிறேன். நவம்பரில் கடல் அடங்கியதிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்கிசையில் போட் ஏறுவது ஏழெட்டு வருடப் பழக்கம். கொழும்புக் கடலுக்கடியில் கப்பல்களுக்குக் குறைவில்லை. நாங்கள் 'கார் ரெக்' (ரெக் என்றால் மூழ்கிக் கிடக்கும் கப்பல்) என்று சொல்லும் ஒன்று கிட்டத்தட்ட 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, அது ஏற்றிவந்த கார்களும் அங்கேயேதான். என் மூன்றாவது சீசனில் அதில் ஒரு இரும்பு போல்ட் கண்ணில் பட்டது, விரல் நீளம், சுற்றிவர வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. யாரும் பார்க்காத நேரம் பொக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மேலே வந்து, "ரெக்கில எதையும் தொடக்கூடாது தம்பி" என்று ஒரு புதுப் பெடியனுக்குப் புத்தி சொன்னதும் அதே நாள்தான்.

வீட்டில் படிவை நன்றாகச் சுரண்டி, கழுவி, அம்மாவின் ஷோகேசில் வைத்தேன். சில வாரத்தில் அது வியர்க்கத் தொடங்கியது, மஞ்சள் மஞ்சளாகத் துளிகள். அப்புறம் மேல் பக்கம் அப்பளம் மாதிரிப் பொரிந்து உரிந்தது. ஒரு நாள் தூசி தட்டப் போன அம்மா, "என்னடா, ஷோகேசுக்குள்ள மிளகாய்த்தூளே கொட்டினனீ?" என்றார்.

"கடலில் கிடந்தால் எப்படியும் துருப்பிடித்து அழியும், நாங்கள் எடுத்தால் தப்பும்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது எவ்வளவு பிழை என்பது எனக்கு அந்தத் தூளில்தான் விளங்கியது. நான் அழுக்கு என்று சுரண்டியதுதான் அந்த இரும்புக்குக் கவசம். உள்ளே ஊறிய உப்பு, காற்றுப் பட்டதும் வேலையைக் காட்டிவிட்டது. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தர் கப்பல் அவொண்ட்ஸ்டரிலிருந்து எடுத்தவற்றைத் தொல்லியல்காரர்கள் தொட்டித் தண்ணீரில் போட்டு மாதக்கணக்கில் உப்பு இறக்கினார்கள். அவ்வளவு பாடுபட்டும் 2004 சுனாமி அந்த ஆய்வுகூடத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது, அது வேறு கதை.

சரி, பாதுகாப்பு என்று வரும்போது டைவர்கள் எந்தக் கப்பல் என்று பார்த்துத்தான் பேசுவார்கள். மரக்கப்பல், பழைய பானை என்றால் எல்லாரும் ஒரே குரலில் "தொடாதே". அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயக் கடலில் கிடக்கும் 2000 வருடப் பழைய கப்பலை 2003இல் முதலில் கண்டதே சங்கு குளிக்கிறவர்கள்தான், அதைச் சொல்லும்போது எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. இரும்புக் கப்பல் என்றால் மட்டும் அது பழைய இரும்பாகிவிடும். யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை 100 வருடம் தண்ணீருக்கடியில் இருந்ததைத்தான் மரபுச் சொத்தாகக் கணக்கெடுக்கிறது. 1917இல் ஜெர்மன் கப்பல் வுல்ஃப் கொழும்புக்கு வெளியே போட்ட கண்ணிவெடிகளில் மூழ்கிய வூஸ்டர்ஷயரும் பெர்சியஸும் 2017இல் அந்த வயதைத் தாண்டிவிட்டன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு வெளியே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 2042 வரை காத்திருக்க வேண்டும். அதோடு போன உயிர் 300க்கும் மேல். அந்த ஆழத்துக்குப் போக எனக்குத் தகுதி இல்லை, ஆனால் போய் வந்த நண்பர்கள் அதிலிருந்து ஒரு ஆணிகூட எடுக்கமாட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து இல்லை, அது கல்லறை என்று தெரியும் என்பதால்.

மற்றபடி பெரிய பயம், பாதுகாப்பு என்று சொல்லி இடத்தையே மூடிவிடுவார்கள் என்பது. அந்த உடன்படிக்கையோ, சேதம் செய்யாமல் போய்ப் பார்ப்பதை ஊக்குவிக்கச் சொல்கிறது. உண்மையில் ஆள் போகாத கப்பலுக்குத்தான் ஆபத்து கூட. ஜாவாக் கடலில் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய இரண்டு நெதர்லாந்துப் போர்க்கப்பல்கள் முழுதாகக் காணாமல் போனது 2016இல் டைவர்கள் இறங்கிப் பார்த்தபோதுதான் வெளியே தெரிந்தது. கடலடியில் கப்பல் கிடந்த பள்ளம் மட்டும் மிச்சம், இரும்பெல்லாம் பழைய இரும்புக்காரர் கையில். இதைச் சொல்லிச் சொல்லியே "திருடன் வேறு ஆள்" என்று நாங்கள் தப்பித்துக்கொள்கிறோம், ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் போட் எறியும் நங்கூரம் கப்பல் தளத்தைப் பிய்ப்பதை யாரும் பேசுவதில்லை.

போன சீசனில் நங்கூரத்துக்குப் பதிலாக ஒரு நிரந்தர மிதவை கட்டலாம், கயிறுக்கும் சங்கிலிக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டோம். "கப்பல்களைக் காப்போம்" என்று டீசேர்ட் அடித்துப் போட்ட பதினொரு பேரில் காசு தந்தது நாலு பேர். முதலில் தந்தவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில், எந்தக் கப்பலில் கழற்றினாரோ, பித்தளை ஜன்னல் வளையம் ஒன்று மினுக்கித் தொங்குகிறது.