வணிகப் பட்டத்துக்குக் கடன் வாங்கினால் சம்பளம் தாங்குமா, எப்படிக் கணக்குப் பார்ப்பது?

மாதத் தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. சிங்கப்பூரின் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வில் போடுவது மொத்தச் சம்பளம். அது 4,000 வெள்ளி என்றால் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு 20 விழுக்காடு, 800 வெள்ளி, போய்விடும், மிச்சம் 3,200. தவணை 400 என்றால் எட்டில் ஒரு பங்கு. என்னைக் கேட்டால், சமாளிக்கலாம். தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்குவது போலத்தான்: தராசில் எலும்பும் ஏறும், குழம்புக்குக் கறிதான் கணக்கு. அப்புறம், வணிகம் படித்தவர்களில் வங்கிக்குப் போகிறவரும் உண்டு, கடை விற்பனைக்குப் போகிறவரும் உண்டு. குறைந்த சம்பளத்தை வைத்தே போட்டுப் பாருங்கள்.

கல்விக் கட்டணக் கடனுக்குப் படிக்கும்வரை வட்டியில்லை, பட்டம் வாங்கியபின் ஓடத் தொடங்கும். அப்பாவின் சேமநிதியிலிருந்து எடுத்தால் வட்டியே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள்; அதையும் 2.5 விழுக்காடு வட்டியோடு அவர் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும்.