பிரேக் பிடித்தால் பைக்கின் முன்பக்கம் 'டக்'கென்று சத்தம் வருகிறது. கோன் செட்டை நானே டைட் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் சத்தம் கோன் செட்டிலிருந்துதான், அதாவது ஹேண்டில் திரும்புவதற்காகக் கழுத்தில் இருக்கும் பேரிங்கிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு 'கோன் செட் லூஸ்' என்று சொல்லிவிடுவார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களான போர்க்கின் உள்ளே உள்ள புஷ் தேய்ந்திருந்தாலும் அதே 'டக்'தான் கேட்கும், காலிப்பருக்குள் (டிஸ்க் பிரேக்கில் பேடைப் பிடித்திருக்கும் பாகம்) பிரேக் பேட் ஆடினாலும் அதேதான்.

மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்தால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். சேசிஸின் கழுத்துக் குழாயும் டி-ஸ்டெம்மின் (போர்க்கைச் சேசிஸோடு இணைக்கும் பாகம்) கீழ்த் தட்டும் சேரும் இடுக்கில் ஒரு விரலை வையுங்கள். மற்றொரு கையால் போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். லூஸாக இருந்தால் அந்த இடுக்கு திறந்து மூடுவது விரலுக்குத் தெரியும். விரலுக்கு ஒன்றும் தெரியாமல் சத்தம் மட்டும் வந்தால், கோளாறு வேறு இடத்தில்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் இறங்கின மாதிரி 'கொடக்'கென்று உட்கார்கிறதா? அப்படியானால் டைட் வைத்துப் பிரயோஜனம் இல்லை, செட்டையே மாற்ற வேண்டும். வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அடி வாங்குகின்றன. ஒவ்வொரு வேகத்தடையிலும் விழும் அடி அந்தச் சில புள்ளிகளில்தான் இறங்கும், அங்கிருந்த கிரீஸும் பிதுங்கி வெளியே போய்விடும். கழற்றிப் பார்த்தால் கப்பில் (குண்டுகள் உருளும் கிண்ணம்) வரிசையாகச் சின்னச் சின்னத் தழும்புகள் தெரியும், மிச்சமிருக்கும் கிரீஸ் துருநிறத்தில் காய்ந்திருக்கும். கப்பைக் கொஞ்சம் திருப்பி அடித்துவிட்டு ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. காசு இல்லாத மாதத்துக்கு வேண்டுமானால் சரி.

பள்ளம் இல்லை, வெறும் லூஸ்தான் என்றால் வேலை சுலபம். டேங்க் மேல் ஒரு போர்வையைப் போடுங்கள், ஸ்பானர் நழுவினால் பெயிண்ட் போய்விடும். ஹேண்டிலுக்குக் கீழே உள்ள மேல் தட்டின் நடுவிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்துங்கள். மேல் தட்டில் போர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் தளர்த்த வேண்டும், சில மாடல்களில் கீழ்த் தட்டில் உள்ளவற்றை. இதை விட்டுவிட்டால் போர்க் குழாயே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் என்ன திருகினாலும் ஆட்டம் சரியாகக் குறையாது.

மேல் தட்டுக்கு அடியில் காடி வெட்டிய வளைய நட் இருக்கும். அதைத் திருப்பத்தான் கொக்கி ஸ்பானர். பட்டறைகளில் ஸ்குரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு தடவை தட்டினால் காடி மழுங்கிவிடும், எவ்வளவு இறுகியது என்று கைக்கும் தெரியாது. கொக்கி ஸ்பானரில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இனிமேல்தான் பலர் கோட்டை விடுகிற இடம். மேலே உள்ள பெரிய நட்டைத் திரும்ப இறுக்கும்போது அது கீழே உள்ள வளைய நட்டையும் சேர்த்து அழுத்தும். சரியாக இருந்தது கூடுதல் டைட் ஆகிவிடும். அதனால் எல்லாவற்றையும் முழுசாக இறுக்கிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். ஹேண்டிலை நடுவில் வைத்து லேசாகத் தட்டினால், அது தன் எடையிலேயே ஓரத்துக்குச் சரிய வேண்டும். இரண்டு பக்கமும் அப்படி. பாதியில் நின்றால் வளைய நட்டைத் துளி தளர்த்துங்கள். கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்கள் இழுத்துப் பிடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், லூஸைவிட அதிக டைட்தான் மோசம். லூஸ் சத்தம் போட்டாவது சொல்லிவிடும். டைட்டாக இருந்தால் மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்காமல் இப்படியும் அப்படியும் அலையும், ஓட்டுபவர் டயரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் புது குண்டுகளும் பள்ளம் போட ஆரம்பித்துவிடும்.

செட்டையே மாற்றும் நிலை வந்தால் மேல் கப், கீழ் கப், கோன், குண்டு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். உதிரிக் குண்டு உள்ள வண்டி என்றால் டி-ஸ்டெம்மை இறக்கும் முன் கீழே ஒரு துணி விரித்து, மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பழைய கப்பைத் தட்டி எடுப்பதும் புதியதைக் கோணாமல் இறக்குவதும் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டிய வேலை, அதை மட்டும் மெக்கானிக்கிடம் விடலாம். புது செட் சில நூறு கிலோமீட்டரில் படிந்து லேசாக லூஸ் ஆகும், அப்போது ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்து இறுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை நேராகக் கழுத்தில் அடிக்க விடாதீர்கள், உள்ளே வைத்த கிரீஸுக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.